முதுமுயல் பேணல்

மனையின்கண் அன்பு பாராட்டி வளர்க்கப்படும் உயிர்களுள் நாய் தன் நோவைக் குரைத்தும் முனகியும் உணர்த்தும், பூனை ஓரிடத்து ஒதுங்கியேனும் உணர்த்தும், முயலோ உணர்த்தாது. நரிக்கும் பருந்துக்கும் இரையாகிப் பல்லாயிரம் தலைமுறை வாழ்ந்த இனமாதலின், கூட்டத்துள் நொந்தது இதுவென்று பகை கண்டுகொள்ளாவண்ணம் தன் துன்பத்தை மறைத்தலே அதற்கு இயற்கையாயிற்று. கூண்டினுள் பருந்து புகாதென்பதை அஃது அறியாது. ஆகலின் முதுமை எய்திய முயலுக்கு வரும் பிணிகளுட் பெரும்பாலன வளர்ப்பார் தாமே தேடிக் கண்டுகொள்ள வேண்டுவன. அவர் காண வேண்டுவன யாவை என்பதை எம் சிற்றறிவுக்கு எட்டிய அளவில் ஈண்டுக் கூறப் புகுகின்றோம். தமிழ் பயில்வார்க்கு முயலின் பல்லோடு என்ன உறவு என்று விடுதி நண்பர் எம்மை நகைத்ததுண்டு. நகைத்தவருள் இருவர் இன்று தத்தம் இல்லத்தில் முயல் வளர்க்கின்றனர்.

முதற்கண் பெயர்பற்றிய மயக்கம் ஒன்றை நீக்குதல் நலம். நம் பழநூல்களிற் பேசப்படும் முயல், கரம்பையிலும் புதரிலும் ஓடித் திரியும் காட்டு முயலாகும். திருவள்ளுவனார் படைச்செருக்கு அதிகாரத்தில் யானைக்கு எதிராக நிறுத்திய முயலும் அதுவே. திங்களின் மறுவிற் புலவர் கண்டதும் அதுவே. இன்று வீடுகளில் வளர்வதோ, ஐரோப்பாவின் தென்மேற்கில் ஸ்பெயின், போர்த்துகல் முதலிய நாடுகளில் நிலத்தைக் குடைந்து வளைகளில் வாழ்ந்த வேறோர் இனத்தின் வழிவந்தது. காட்டு முயற்குட்டி மயிர் போர்த்துக் கண் விழித்துப் பிறக்கும். வளை முயற்குட்டி மயிரின்றிக் கண் மூடிப் பிறக்கும். இவ்வேறுபாடு வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று. குளிர்ந்த வளையில் வாழப் பிறந்த உயிர் நம் சித்திரை வெயிலுக்கு ஆற்றாது. வியர்த்து உடலைக் குளிர்வித்தல் அதற்கு இயலாது. நீண்ட செவிகளின் வழியே வெப்பத்தை வெளிவிடுகின்றது. நிழலிலும் வெப்பநிலை 30 பாகைக்கு மேற்செல்லும் நாட்களில் இளமுயலே இளைக்கும். முதியது உயிர்க்கே இடர்ப்படும். நம் நாட்டில் முயலாராய்ச்சி நீலகிரியின் சாண்டிநல்லாவிலும் கொடைக்கானலை அடுத்த மன்னவனூரிலும் அமைந்தமை பொருத்தமே. சமவெளியில் வாழும் நாம், கூண்டினுள் ஈரமான ஓட்டுத்துண்டு ஒன்றையும் தண்ணீர் நிறைந்த கனமான மட்கிண்ணம் ஒன்றையும் வைப்பது கோடையில் முதல் மருத்துவமாகும்.

முயல் எவ்வகவையில் முதியதாகும்? நன்கு பேணப்படும் வீட்டு முயல் 8 முதல் 12 ஆண்டு வரை வாழும். 5 அல்லது 6 ஆண்டு நிரம்பிய பின் அதனை முதியது எனக் கொள்ளலாம். பேருடல் வாய்ந்த இனங்கள் அதனினும் முந்தி முதிரும். ஆகவே முயல் தன் வாழ்நாளில் ஏறக்குறையப் பாதியை முதுமையிலேயே கழிக்கின்றது. குட்டியை வாங்கித் தருவோர் இதனை எண்ணுவதில்லை. பள்ளிச் சிறுவனுக்குப் பிறந்தநாட் பரிசாக வந்த முயல், அவன் கல்லூரி சேர்ந்து விடுதிக்குச் சென்ற பின்னரே மருத்துவம் வேண்டி நிற்கும். அப்பொழுது அதனைப் பேணுபவர் பெரும்பாலும் அவன் தாயாரே.

காண்டல் என்றோம், ஆயின் மயிர் அடர்ந்த உடலில் மெலிவு கண்ணுக்குத் தோன்றாது, தராசுக்கே தோன்றும். வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், ஒரே தராசில் முயலை நிறுத்து ஏட்டில் எழுதி வருதல் வேண்டும். சமையலறைத் தராசும் ஒரு கூடையும் இதற்குப் போதும். எடையிற் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால், முயல் எவ்வளவு துள்ளினும் மருத்துவரை நாடுதல் கடன். எடைக்கு அடுத்தது முகம். 2012-ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தாரை உள்ளிட்ட ஆராய்ச்சியாளர் சிலர், முயலின் முகத்தினின்று அதன் வலியை அளக்கும் அளவுகோல் ஒன்றை வெளியிட்டனர். கண் இடுங்குதல், கன்னம் தட்டையாதல், மூக்கின் வடிவு கூர்மையாதல், மீசைமயிர் விறைத்தல், செவி குழல்போற் சுருண்டு பின்னோக்கிச் சாய்தல் ஆகிய ஐந்தும் அதன் உறுப்புக்கள். ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என மதிப்பிடுவர். தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியல் பயிலும் எமக்கு இம்முறை அயலாகத் தோன்றவில்லை. உள்ளத்து நிகழ்வது உடலிற் புலப்படும் என்பதே இரண்டற்கும் அடிப்படை. காண்பவனுக்குப் பயிற்சி வேண்டும் என்பதும் இரண்டற்கும் பொது. நலமுற்றிருக்கும் நாளில் தன் முயலின் முகத்தை நன்கு நோக்கி அறியாதவன், நோயுற்ற நாளில் அதன் மாற்றத்தை எங்ஙனம் அறிவான்?

இனிப் பல்லும் குடலும். முதுமுயலின் பிணிகளுட் பெரும்பாலன இவ்விரண்டிற் பிறப்பன ஆதலின் இவற்றைச் சற்று விரித்துரைப்போம். முயலுக்குப் பற்கள் 28. அவை அனைத்தும் வாழ்நாள் முழுதும் வளர்வன. முன்பற்கள் வாரத்துக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நீளும். மேல்வாயின் முன்பற்களுக்குப் பின்னே மறைந்து நிற்கும் சிறுபற்கள் இரண்டு எலியினத்தில் இல்லாதன. இவையும் பிறவும் கருதியே கிட்லி என்னும் அமெரிக்க அறிஞர் 1912-ஆம் ஆண்டில் முயலினத்தை எலியினத்தினின்று பிரித்துத் தனி வரிசையாக்கினார். வளரும் பல்லைத் தேய்ப்பது புல். புல்லைப் பக்கவாட்டில் அரைக்குந்தோறும் கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று உரசித் தம் அளவில் நிற்கும். கேரட்டும் வாழைப்பழமும் கடைத்தீவனமும் மட்டும் தின்று வளர்ந்த முயலுக்கு அவ்வுரசல் இல்லை. ஆண்டுகள் செல்லச் செல்லக் கடைவாய்ப் பல்லின் ஓரம் முள்போல் நீண்டு, கீழ்ப்பல்லாயின் நாவையும் மேற்பல்லாயின் கன்னத்தையும் கிழிக்கும். வேர்கள் பின்னோக்கி நீண்டு கண்ணீர் வழியை அடைத்தலால், ஓயாது கண்ணீர் ஒழுகும் முயல்களும் உள. தாடையிற் கட்டி தோன்றின் அது பெரும்பாலும் பல்லின் வேரிற் பிறந்ததே. அதன் சீழ் தயிர்போல் கட்டியாதலின், கீறிவிட்ட அளவில் வடிந்தொழியாது. உறையோடு நீக்க வேண்டியிருக்கும்.

பல் நொந்த முயல் உண்ணாது. உண்ணாத முயலின் குடல் அசையாது. முயலின் செரிமானம் விந்தையானது. புல்லின் நார் பெருங்குடற்பையிற் புளித்து நுண்ணுயிர்களால் உணவாக மாறுகின்றது. அங்ஙனம் மாறியதை, மென்மையான திரளாக வெளிவரும்போதே முயல் மீண்டும் வாயால் எடுத்து உண்ணும். அறியாதார் இதனை அருவருப்பர். அதுவின்றேல் முயலுக்குப் புரதமும் உயிர்ச்சத்தும் குறையும். இவ்வாலை நில்லாது இயங்க, உணவு ஓயாது உட்செல்ல வேண்டும். அரை நாள், அதாவது 12 மணி நேரம், முயல் ஒன்றும் உண்ணாதிருப்பின் அதனை நெருக்கடியாகக் கருதுக. நாய்க்கு ஒரு வேளைப் பட்டினி நன்று என்னும் வழக்கு முயலிடம் செல்லாது. புழுக்கை சிறுத்தலும் அருகலும் நின்றுபோதலும், முதுகு கூனி மூலையில் அமர்தலும், பல்லை நறநறவெனக் கடித்தலும் குடல் தேங்கியதற்கு அறிகுறி. நலமுற்ற முயலின் உடல் வெப்பம் 38.5 முதல் 40 பாகை வரை இருக்கும். அது தாழ்ந்து செவிகள் சில்லிட்டால் நோய் முற்றியது என்க. மருத்துவர் முதலில் குடலில் அடைப்பு உண்டோ எனத் தேர்ந்து, இல்லையாயின் நீரேற்றுவர்; வலி தணிப்பர்; பொடித்த புல்லைக் கரைத்து ஊசியற்ற பீச்சுகுழலால் ஊட்டச் செய்வர். முயலுக்கு வாந்தி எடுத்தல் இயலாதாதலின் உள்ளே சென்றது மறுவழியாக வெளிவாராது என்பதையும் நினைவிற் கொள்க.

எம் இல்லத்து முயலின் வரலாறு ஈண்டுப் பொருந்தும். அதன் ஒன்பதாம் ஆண்டில், ஆறு வாரத்துள் எடை 2 கிலோ 100 கிராமினின்று 1 கிலோ 800 கிராமுக்கு இறங்கிற்று. புல்லை முகர்ந்து விடுத்துக் கொத்தமல்லித் தழையையே நாடிற்று; மோவாய் ஈரமாயிருந்தது. முதலிற் கண்ட மருத்துவர் முன்பற்களை நோக்கிக் குறையில்லை என்றும், வயதாகிவிட்டது என்றும் கூறி அனுப்பினார். எம் தந்தையார் எடை எழுதிய ஏட்டை எடுத்துக்கொண்டு வேறொருவரிடஞ் சென்றார். அவர் செவி நோக்கும் கருவியின் கூம்பை வாயினுட் செலுத்திப் பார்த்து, இடப்புறக் கீழ்க்கடைவாய்ப் பல்லில் முள் ஒன்று நாவைத் துளைத்திருத்தலைக் காட்டினார். அதனை முறையாக அரைத்து நீக்க மயக்கமருந்து வேண்டும் என்றார்.

மயக்கமருந்து என்ற சொல் இல்லத்தில் இரண்டு இரவு உறக்கத்தைக் கெடுத்தது. அச்சம் ஆதாரமற்றதன்று. பிரிட்டனில் விலங்கு மருத்துவ நிலையங்கள் பலவற்றின் பதிவுகளை ஆராய்ந்து 2008-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, மயக்கத்திலும் அதனையடுத்தும் இறந்தவை நாய்களில் நூற்றுக்கு 0.17, பூனைகளில் 0.24, முயல்களில் 1.39. நலமுற்ற முயல்களில் அது 0.73, நோயுற்றவற்றிலோ 7.37. “மேசைமேல் இறந்தால் நாம் கொன்றவராவோம்; விட்டுவிட்டால் பட்டினி கொன்றதாகும்” என்று தந்தையார் கூறினார். பசியிருந்தும் உண்ணமாட்டாமற் கிடப்பதைக் கண்டுகொண்டிருக்கத் தம்மால் ஆகாது என்று அன்னையார் முடிவு கூறினார். மேற்கூறிய எண்களிலேயே வழியும் ஒன்று உளது. 7.37 என்பது மெலிந்தும் நீர் வற்றியும் வந்தவற்றின் கணக்கு. ஆகவே அறுவைக்கு முன் முயலின் நிலையைத் தேற்றுதல் கூடுமாயின் தேற்றுதலே முறை. அம்மருத்துவர் மூன்று நாள் நீரேற்றியும் ஊட்டியும் வலி தணித்தும் அதனைத் தேற்றிய பின்னரே மயக்கம் கொடுத்தார். முன்னிரவில் உணவை நிறுத்தவேண்டா என்றும் எச்சரித்தார். வாந்தி எடாத உயிருக்கு நெடும்பட்டினியாற் பயனில்லை, குடலுக்குத் தீங்கே உண்டு. இரண்டாம் நாள் முயல் புல் தின்றது. இப்பொழுது ஏறக்குறையப் பத்து வாரத்துக்கு ஒருமுறை பல் அரைக்கப்படுகின்றது. எடை 1 கிலோ 950 கிராம்.

நிற்க. பல்லுக்கு அடுத்து முதியவற்றை வருத்துவது மூட்டுவாதமும் முதுகெலும்பின் இறுக்கமும் ஆகும். முதுகு வளையாத முயல் தன் பின்புறத்தை எட்டித் தூய்மை செய்யாது. மேற்கூறிய மென்றிரளையும் எடுத்துண்ணாது. அது மயிரில் ஒட்டி அப்பிக்கொள்ளும். சிறுநீர் கழிக்கும்போது உடலை உயர்த்த மாட்டாமையால் சிறுநீர் தோலிற் பட்டுப் புண்ணாக்கும். அவ்வழுக்கை நாடி ஈ முட்டையிடும். வெப்பமான நாட்களில் ஒரு நாளுக்குள் புழுத் தோன்றித் தசையைத் துளைக்கும். முதுமுயலின் பின்புறத்தைக் காலையும் மாலையும் நோக்குக. கூண்டின் வாயில் தாழ்வாகவும், தரை வழுக்காமலும், புல்விரிப்புத் தடிப்பாகவும் இருத்தல் வேண்டும். கம்பித்தரை ஆகவே ஆகாது. நாய்க்குள்ளது போன்ற மெத்தைப் பாதம் முயலுக்கு இல்லையாதலின் குதிகால் புண்ணாகும். மூட்டுவலிக்கு மெலாக்ஸிகாம் என்னும் மருந்தை மருத்துவர் தருவர். அதன் அளவை அவரே வகுத்தல் வேண்டும்.

சிறுநீரைப் பற்றியும் ஒரு சொல். உணவிலுள்ள சுண்ணச்சத்தைப் பிற விலங்குகள் வேண்டிய அளவே குடலில் ஏற்கும். முயல் மிகுதியாக ஏற்று, எஞ்சியதைச் சிறுநீரில் வெளியேற்றும். ஆகலின் அதன் சிறுநீர் கலங்கியிருத்தல் இயல்பு. அசைவு குறைந்து தண்ணீரும் குறைந்த முதுமையில் அச்சுண்ணம் பையில் மண்டியாகத் தங்கும், பற்பசைபோல் வெளிவரும், கல்லாகவும் இறுகும். அத்தகைய முயலுக்குக் குதிரைமசாலும் அகத்தியும் முருங்கைக்கீரையும் குறைத்து, அருகம்புல்லும் கொளுக்கட்டைப்புல்லும் மிகுத்தல் நன்று. சிறுநீர் சிவத்தல் எப்பொழுதும் குருதியன்று. சில தழைகளின் சாயமும் அங்ஙனம் காட்டும். ஆயினும் கருப்பை நீக்கப்படாத பெண் முயலாயின் ஐயத்தை நம் தீர்ப்புக்கு விடுதல் ஆகாது. நான்காண்டு கடந்த பெண் முயல்களிற் கருப்பைப் புற்று மிகவும் பரவியது; முதல் அறிகுறி பெரும்பாலும் அக்குருதியே. நுரையீரலுக்குப் பரவுமுன் அறுத்து நீக்கின் பிழைக்கும்.

தலை ஒருபுறம் சாய்ந்து உருண்டு விழும் முயலை உடனே கைவிடுவாரும் உளர். உட்செவியில் நோய் புகுந்தாலும், 1922-ஆம் ஆண்டில் முதலில் விவரிக்கப்பட்ட என்செஃபலிட்டோசூன் குனிகுலி என்னும் நுண்ணுயிர் மூளையைத் தாக்கினாலும் இது நேரும். பின்னதற்கு ஃபென்பெண்டசோல் 28 நாள் கொடுப்பது வழக்கம். தலை சாய்ந்தபடியே இருந்தும், தின்று குளித்து வெயில் காய்ந்து ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த முயல்கள் உள. குளித்து என்றது தன் நாவால் நக்கித் தூய்மை செய்தலை. முயலை நீரிற் குளிப்பாட்டுதல் அதிர்ச்சி தந்து கொல்லவுங்கூடும்.

மருந்தில் ஒரு பேரெச்சரிக்கை. வீட்டில் மிஞ்சிய மாத்திரைகளைப் பொடித்துக் கொடுக்கும் வழக்கம் நம்மிடை மிகுதி. அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின், லின்கோமைசின் என்பன வாய்வழியாக முயலுக்குட் சென்றால், அதன் குடலில் வாழும் நல்லுயிர்கள் அழிந்து நச்சுயிர்கள் பெருகி உயிரைப் போக்கும். நாய்க்கு உண்ணி நீக்கத் தெளிக்கும் ஃபிப்ரோனிலும் முயலுக்கு நஞ்சே. நாய்க்கு நல்லது முயலுக்கும் நல்லதே என்னும் கருத்துப் படித்தாரிடத்தும் உளது. அதற்குக் காரணம் இல்லாமலில்லை. 1761-ஆம் ஆண்டில் பிரான்சின் லியோன் நகரில் முதல் விலங்கு மருத்துவக் கல்லூரி நிறுவப்பட்டதும், 1903-ஆம் ஆண்டில் சென்னையில் நிறுவப்பட்டதும் குதிரையையும் மாட்டையும் கருதியே. நம் மொழியில் அம்மருத்துவர்க்கு வழங்கும் பெயரும் கால்நடை மருத்துவர் என்பதன்றோ? ஆகலின் நோய் வருமுன்னரே, முயல் பார்த்துப் பழகிய மருத்துவர் அருகில் யாவர் என உசாவி அறிந்து வைத்தல் வேண்டும். செல்லும்போது எடையேட்டையும், அன்றைய புழுக்கை சிலவற்றையும், பழகிய புல்லையும், உடன் வாழும் முயல் இருப்பின் அதனையும் கொண்டுசெல்க. தூக்கும்போது பின்னங்கால்களைத் தாங்கித் தூக்குக. காற்றில் உதைத்துத் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொண்ட முயல்கள் பல. மல்லாத்தினால் அசையாது கிடப்பதைக் கண்டு அமைதி என மயங்கற்க. அஃது அச்சத்தின் உறைவே.

மருத்துவம் பயனற்ற எல்லையும் உண்டு. வலி தணிக்கும் மருந்து கொடுத்தும் முகம் இடுங்கியே இருக்கின்றதா, விரும்பிய தழையையும் மறுக்கின்றதா, எழுந்து நீரருகே செல்ல முடிகின்றதா என்பவற்றை நாள்தோறும் குறித்து வரின், துயிலச் செய்து உயிர் நீக்குமாறு மருத்துவரை வேண்டும் நாளை அக்குறிப்பே காட்டிக்கொடுக்கும். இதனைப் பாவம் எனக் கூறுவாரோடு யாம் வழக்கிட விரும்புகிலோம். உண்ணமாட்டாத முயல் குடல் தேங்கி இறக்கும் இறப்பு எளியதன்று என்பதை மட்டும் அவர் அறிதல் வேண்டும். முதலில் மயக்கமருந்தால் உறங்கச் செய்து, பின்னரே உயிர் நீக்கும் மருந்தைச் செலுத்துமாறு கேட்டல் நலம். உடன் வாழ்ந்த முயல் இருப்பின், இறந்ததன் உடலைச் சிறிது நேரம் அதனருகே வைப்பர். அது முகர்ந்தும் நக்கியும் சுற்றிவந்தும் பின்னர் விலகும். அடுத்துவரும் வாரத்தில் அதன் எடையை நாள்தோறும் நிறுத்தல் வேண்டும். துணையிழந்த முயல் புல்லை மறுத்து, மேற்கூறிய குடற்றேக்கத்துக்கு ஆளாதல் உண்டு.